பாட்டு தெரிகிறது, இனிக்கவில்லை: கடலூர் மைக் செட்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முதலில் கவனித்தவர் அவருடைய மனைவிதான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செக்கப்புக்காகத் தனியார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். கன்னியக்கோயில் தாண்டும்போது டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டிருக்கிறார். அந்தப் பாட்டின் முதல் கிடார் சத்தம் கேட்டதுமே, வீட்டில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் கையைத் தூக்கி அடக்குகிற மனுஷன், அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "காது கேக்கலையோன்னு நெனச்சேன் மேடம். என்ன பாட்டுங்கன்னு கேட்டேன். படம், வருஷம், பாடினவங்க எல்லாம் சரியாச் சொல்றாரு. சொல்லிட்டு மறுபடியும் ஜன்னலைப் பாக்குறாரு."

நான் பக்கவாதம் வந்தவர்களின் மறுவாழ்வுப் பயிற்சியில் வேலை பார்க்கும் உளவியலாளர். இந்த நிகழ்வை எழுத அவரும் மனைவியும் சம்மதித்திருக்கிறார்கள். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார் மனைவி. "மைக் செட்காரன்னு போடுங்க, அது போதும்" என்றார் இவர்.

ஆள்

வயது 61. வலது கைப் பழக்கம். பத்தாவது வரை படித்தவர். 1984-ல் திருப்பாதிரிப்புலியூரில், ஊரார் வாயில் திருப்பாப்புலியூரில், கேசட் ரெக்கார்டிங் கடை போட்டார். அந்தத் தொழிலை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரர் அவற்றை எல்பி இசைத்தட்டிலிருந்து காலி கேசட்டில் ஏற்றித் தருவார். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கணக்குப் போட்டு ஏற்றினாலும் பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். பாதிப் பாட்டில் டேப் அறுந்ததுபோல் நிற்பது பெரிய அவமானம். அதனால் மிஞ்சிய இடத்துக்குப் பொருந்துகிற, முன் பாட்டின் மனநிலையைக் கெடுக்காத ஒரு சின்னப் பாட்டைக் கடைக்காரரே தேர்ந்து போடுவார். கடலூரில் பலர் இவரிடம் வந்ததே அந்தக் கடைசிப் பாட்டுக்காகத்தான் என்று மகன் சொன்னார். மகன் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், ரசனையையே தொழிலாக வைத்திருந்த ஆள் என்பது தெளிவு.

சிடி வந்து கேசட் படுத்ததும் மைக் செட்டுக்கு மாறினார். குழாய் ஸ்பீக்கர், பாக்ஸ், ஆம்ப், ஒரு மினி லாரி. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் வார்த்தல், செடல், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை.

பக்கவாதம் வந்தது ஆடியில். செடல் திருவிழா முடிந்து, குழாயை இறக்கி லாரியில் ஏற்றும்போது வலது கை தளர்ந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது. பேச்சு சில வாரங்களில் திரும்பியது. கை முக்கால்வாசி திரும்பியது. எம்ஆர்ஐ அறிக்கையில் மூளையின் இடது பக்க மடிப்புக்குள் இருக்கும் இன்சுலா என்ற பகுதியிலும் அதை ஒட்டிய முன்மடலின் ஒரு சிறு பகுதியிலும் ரத்த ஓட்டம் அடைபட்டுச் சேதம் என்று இருந்தது.

என் பங்குக்கு ஒரு தவறு

இவர் கைப் பயிற்சிக்கு வந்த முதல் மாதத்திலேயே நான் குடும்பத்துக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தேன்: தினமும் அவருக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள். என் மனதிலிருந்தது பின்லாந்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு. பக்கவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழு தினம் ஒரு மணி நேரமாவது தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்க, இரண்டாவது குழு ஒலிப் புத்தகம் கேட்க, மூன்றாவது குழு எதுவும் கேட்காமல் இருக்க ஏற்பாடு செய்தார்கள். இசை கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின. மனச்சோர்வும் குறைவு. நல்ல ஆய்வு. மருந்துச் சீட்டு மாதிரி எல்லோருக்கும் அதையே எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

மகன் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினார். ஒரு மணி நேரம் சொன்னதை மூன்று மணி நேரமாக்கினார்கள், அன்பு மிகுந்து. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். பாட்டை நிறுத்தச் சொல்வார், நிறுத்தாவிட்டால் கிளம்பிவிடுவார். கையால் தொழில் செய்ய முடியாத கோபம் என்றார்கள் சொந்தக்காரர்கள். பக்கத்து வீட்டு அம்மா திருஷ்டி என்றார். "பாட்டு போட்டா தொல்லையா இருக்கா ஐயா?" என்று நான் கேட்டபோது, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தொல்லைன்னு இல்லீங்க டாக்டரம்மா. பக்கத்து வீட்டுல மிக்சி ஓடுது பாருங்க, அந்த மாதிரி. மிக்சி மேல யாராவது கோவப்படுவாங்களா? எப்ப நிக்கும்னுதான் இருக்கும்."

நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று.

எதுவெல்லாம் இல்லை

மனச்சோர்வு என்று முடிவு கட்டுவதுதான் சுலபம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. எதிலும் ருசியின்மை அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஆனால் இவருக்கு ருசி போகவில்லை. சங்கரா மீன் குழம்பு வைத்த அன்று கூடுதலாக ஒரு கரண்டி சோறு. பேத்தி வந்தால் முகம் மலர்கிறது. விடியற்காலையில் கட்டுமரம் கரையேறுவதைப் பார்க்க நடந்தே போகிறார். "தண்ணி மேல வெயில் வர்ற நேரம் இருக்கே, அதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். தூக்கம் சரி. மனச்சோர்வுக் கேள்வித்தாளிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை.

காது? ஆடியோகிராமில் உயர்ந்த அதிர்வெண்களில் குறைவு இருந்தது. குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே வாழ்ந்த 61 வயதுக்காரருக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அடுத்தது இசைக்குருடு, அதாவது அம்யூசியா. மூளைச் சேதத்துக்குப் பின் சிலருக்கு மெட்டு மெட்டாகக் கேட்பதில்லை; பாத்திரம் உருட்டுகிற சத்தமாகக் கேட்கும். இதைச் சோதிக்க மான்ட்ரியல் நகரில் உருவான ஒரு சோதனைத் தொகுப்பு உண்டு. அதன் மெட்டுகள் மேற்கத்தியவை. கேசட் கடைக்காரரிடம் அதைப் போட்டுக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தேன். அவருக்குத் தெரிந்த பாட்டுகளிலிருந்து இரண்டு விநாடித் துண்டுகள் முப்பது. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு பாட்டுப் படிக்கும் மாணவி ஒருத்தியை அழைத்து, தெரிந்த வரிகளைப் பாடச் சொல்லி, சிலவற்றில் மட்டும் ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே தப்பவைத்தேன். அத்தனையையும் பிடித்தார். நான் ஏற்பாடு செய்யாத ஒன்றையும் பிடித்தார்: "பாப்பாவுக்கு ஜலதோஷமா? மேல போறப்ப சுருதி நிக்கல." அவளுக்கு உண்மையாகவே தொண்டை கட்டியிருந்தது.

தொழில் காதும் அப்படியே இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் மகன் சவுண்டு செட் செய்வதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர், மிட்டை, அதாவது நடுத்தர அதிர்வெண் சத்தத்தை, இறக்கச் சொன்னார். "காலி மண்டபத்துல கேட்டுட்டு செட் பண்ணாத. ஆளுங்க வந்து உக்காந்தா எதிரொலி அடங்கிடும்." சரிதான். மனித உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

"நல்லவர்னு தெரியும்"

இந்த நிகழ்வின் மையமாக நான் நினைப்பது ஒரு மதியம் நடந்த உரையாடல். அந்த பஸ் பாட்டையே போட்டேன். கேட்டு முடித்தார்.

"நல்ல பாட்டா ஐயா?"

"ரொம்ப நல்ல பாட்டு."

"எதனால?"

"ரெண்டாவது இன்டர்லூட்ல வயலின் எல்லாம் ஒண்ணா ஏறி நின்னுட்டு, புல்லாங்குழல் மட்டும் தனியா இறங்குது பாருங்க. அந்த இடைவெளி. வேற யாரும் அங்க நிறுத்தியிருக்க மாட்டாங்க."

"இப்ப அது புடிச்சுதா?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம்: "ஊர்ல ஒருத்தர் நல்லவர்னு நமக்குத் தெரியும். அதுக்காக அவரப் பாத்தா உடனே சந்தோஷம் பொங்குமா? அந்த மாதிரி ஆயிடுச்சு. நல்லவர்னு தெரியுது."

அந்த புல்லாங்குழல் இறங்கும் இடத்தில் முன்பெல்லாம் கை மயிர் சிலிர்த்து நிற்கும் என்று மனைவி சொல்லியிருந்தார். கல்யாணமான புதிதில் கையை நீட்டிக் காட்டுவாராம். நான் அவர் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை.

பழைய தீர்ப்பை ஒப்பிக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. இவ்வளவு காலம் நல்ல பாட்டு என்று சொல்லி வந்ததைத் திரும்பச் சொல்ல ரசனை தேவையில்லையே. அதனால் பக்கவாதத்துக்குப் பிறகு வெளியான, அவர் கேட்டிராத எட்டுப் பாட்டுகளைப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னேன். மகனிடம் தனியாக அதையே கேட்டேன். முதல் இரண்டும் கடைசி இரண்டும் இருவரிடமும் ஒன்றுதான். ஏழாவது பாட்டைப் பற்றி "நாலு வரியில ஆறு தடவை திரும்ப வருது, கேக்குறவனை மடையன்னு நெனச்சிட்டான்" என்றார். எடைபோடும் தராசு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ரசனை என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வேலை என்பதை எனக்கு உறைக்கவைத்தது இதுதான். எடைபோடுவது ஒன்று. உள்ளே ஏதோ நெகிழ்வது இன்னொன்று. நல்ல உடல்நிலையில் இரண்டும் சேர்ந்தே வருவதால், நெகிழ்ந்ததால்தான் நல்லது என்று தீர்மானித்தோம் என நம்பிக்கொள்கிறோம். இதற்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வரும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளிடம் ஓவிய அஞ்சலட்டைகளைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொடுத்தபோது, அவற்றைப் பார்த்த நினைவே இல்லாதவர்களும் கிட்டத்தட்ட அதே வரிசையில் அடுக்கினார்கள். இந்த ஆய்வும் 2008-ல் வந்ததுதான். அவர்களுக்கு நினைவு போய்ப் பிடித்தம் தங்கியது. நம் மைக் செட்காரருக்கு நினைவு, தீர்ப்பு எல்லாம் தங்கிப் பிடித்தம் போய்விட்டது.

மூளையில் எந்த ஒயர்

இதே போன்ற ஒருவரைப் பற்றி இங்கிலாந்தில் 2004-ல் எழுதியிருக்கிறார்கள். 52 வயது வானொலி அறிவிப்பாளர். இடது இன்சுலாவில் தொடங்கி முன்மடலுக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதிக்கும் பரவிய சேதம். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினாஃபின் பியானோ இசையைக் கேட்டால் முன்பு மெய்மறப்பவர், அதற்குப் பிறகு ஒன்றுமே உணரவில்லை. இசையைப் புரிந்துகொள்வதில் சோதனையில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்த நிலை நீடித்தது. சேதமான இடமும் ஆளின் தொழிலும் நம்மவரோடு ஒத்துப்போவதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஜப்பானில் 71 வயதுக்காரர் ஒருவருக்கு வலது பக்கச் சேதத்தால் இதே நிலை வந்ததாக 2011-ல் எழுதினார்கள். ஆக, இன்சுலா மட்டும்தான் குற்றவாளி என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மூளைச் சேதமடைந்த பலரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் பெரும்பாலோருக்கு இசை இன்பம் குறையவே இல்லை. இது அபூர்வம்.

பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் உண்டு. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இருக்கலாம் என்பது கணிப்பு. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-ல் இத்தகையவர்களை அழைத்து, இசை கேட்கும்போது தோலின் மின்கடத்தலையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். அசைவில்லை. பணம் ஜெயிக்கும் விளையாட்டில் மட்டும் மற்றவர்கள் மாதிரியே துள்ளினார்கள். 2016-ல் அதே குழுவினர் மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் பார்த்தபோது, பணத்துக்கு வேலை செய்யும் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ், அதாவது மூளையின் ஆழத்திலுள்ள வெகுமதி மையம், இசைக்கு மந்தமாகவே இருந்தது. ஒலியை அலசும் மூளைப் பகுதியான செவிப்புலப் புறணிக்கும் அந்த மையத்துக்கும் இடையிலான தொடர்பு பலவீனம்.

இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினார். "மைக் நல்லா இருக்கு. பாக்ஸும் நல்லா இருக்கு, மீன் கொழம்புக்கு அடிக்குதே. நடுவுல ஒயர் கட்டு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றேன். பிற்பாடு யோசித்தால் உவமை முக்கால்வாசிதான் சரி. லண்டனில் இஷிஸு, ஸெக்கி என்ற இரு மூளை ஆய்வாளர்கள் 2011-ல் செய்த ஆய்வில், ஓவியம் அழகாகத் தோன்றும்போதும் இசை அழகாகத் தோன்றும்போதும் கண்குழிக்கு மேலுள்ள முன்மடல் பகுதியில் ஒரே இடம் எழுச்சி கொள்வது தெரிந்தது. கடலின் வெயில் இவருக்கு இன்னும் இனிக்கிறது என்றால் அந்த பாக்ஸ் பழுதில்லை; இதுவரை உவமை நிற்கிறது. ஆனால் இன்சுலா வெறும் ஒயர் இல்லை. காதுக்கு உட்புறம், மூளையின் பக்கவாட்டு மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒளிந்திருக்கும் பகுதி அது. நெஞ்சின் படபடப்பு, வயிற்றின் கலக்கம், தோலின் குளிர் என்று உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிகள் அங்கே சேர்கின்றன. தொல்காப்பியம் நகை, அழுகை, உவகை என எட்டு உணர்வுகளைச் சொல்லி அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பேர் வைத்தது. மெய் என்றால் உடம்பு. உடம்பில் படாத உணர்வு ஒரு தகவலாகவே நின்றுவிடும் என்பதற்கு இவர் கை மயிரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் பற்றியும் கேட்பீர்கள். சிலிர்ப்பு வருவதற்குச் சற்று முன், எதிர்பார்ப்பிலேயே, காடேட் என்ற பகுதியிலும், சிலிர்க்கும் கணத்தில் அக்கம்பன்ஸிலும் டோபமைன் சுரப்பதை 2011-ல் மான்ட்ரியலில் காட்டினார்கள். 2019-ல் டோபமைனைக் கூட்டும் லெவோடோபாவைக் கொடுத்தபோது இசை இன்பம் கூடியது. அதைத் தடுக்கும் ரிஸ்பெரிடோனைக் கொடுத்தபோது குறைந்தது. அதைக் கேள்விப்பட்டு, "அப்பாவுக்கு அந்த மாத்திரையைக் குடுத்துப் பாக்கலாமா மேடம்?" என்றார் மகன். அது ஆரோக்கியமானவர்களிடம் செய்த பரிசோதனை, சிகிச்சை இல்லை. நரம்பியல் மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

என் தரப்பில் ஓட்டைகள் நிறைய. எஃப்எம்ஆர்ஐ எடுக்கவில்லை. தோல் மின்கடத்தலை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. முன்கையை உற்றுப் பார்த்ததுதான் என் கருவி. பக்கவாதத்துக்கு முன் அவர் ரசனை எப்படி இருந்தது என்பதற்கு மனைவியும் மகனும்தான் சாட்சி. போன தொழிலின் துக்கம் பாட்டின் மேல் படிந்திருக்கலாமோ என்றும் யோசித்தேன். ஆனால் கேசட் கடை மூடிப் பல வருடம் கழித்தும், அந்த ஆடி மாதம் வரைக்கும், அவர் சிலிர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

செய்ததும் நடந்ததும்

செய்தது மிகக் குறைவு. ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன். அடம் இல்லை, கோபம் இல்லை, மூளையில் ஒரு இடம் அடிபட்டதன் விளைவு என்று குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னேன். மனைவி அழுதுவிட்டார். கல்யாணத்துக்கு முன் அவருக்கு இவர் பதிவு செய்து கொடுத்த கேசட் இன்னும் பீரோவில் இருக்கிறதாம். இவர் அதைக் கேட்டு, "ஏ சைடு கடைசிப் பாட்டு இப்பவும் கரெக்டா முடியுது" என்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது அந்த அம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த ஆடிக்குத் தொழிலுக்குத் திரும்பினார். தூக்குவது மகன், காது இவர். முன்பு நல்ல பாட்டு வந்தால் லயித்துப்போய் ஆம்ப் சூடாவதைக் கவனிக்க மாட்டாராம். இப்போது அந்தக் கவலை இல்லை என்று அவரே சொன்னார். கூட்டத்துக்கு எப்போது எந்தப் பாட்டு என்பதில் தவறுவதில்லை.

தை 5, தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். போய்ப் பார்த்தேன். மணலில் சாமிகள் வரிசையாக நிற்க, கிழங்கு விற்பவர்களின் சத்தத்துக்கு நடுவே இவர் ஆம்ப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ வந்த மேளக்காரர்கள் தவிலில் ஒரு சுற்று ஏற்றினார்கள். இவர் முகத்தில் ஒன்றுமில்லை. வலது கால் மட்டும் மணலில், அடி பிசகாமல், தட்டிக்கொண்டிருந்தது.

பார்சிலோனா குழுவினரின் இசை வெகுமதிக் கேள்வித்தாளில் இருபது வாக்கியங்கள்: இசையைத் தேடிப்போவது, மனம் நெகிழ்வது, மனநிலையை மாற்றிக்கொள்வது, உடம்பு தாளத்துக்கு அசைவது, மற்றவர்களோடு சேர்வது என்று ஐந்து பக்கங்களிலிருந்து. நானே தமிழாக்கி வாய்மொழியாகக் கேட்டது என்பதால் எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன். முதல் சந்திப்பில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொன்னவர். திருவிழாவுக்கு அடுத்த வாரம் மறுபடி கேட்டபோது பத்தொன்பதுக்கு அதே பதில். தாளத்தைப் பற்றிய ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது கால் பண்ற வேலை டாக்டரம்மா. என்னக் கேக்காதீங்க."